ஐந்தாம் வகுப்பின் மூன்று ராமலிங்கங்கள்

சின்னக் காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த அரசு உதவி பெறும் பள்ளிக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே ஐந்தாம் வகுப்புக்கு வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்கும் முதல் பீரியட் முடிந்து மணி அடிப்பதற்கும் சரியாக இருக்கும். ஆசிரியர் ராமலிங்கம் ஒன்றும் மெதுவானவர் இல்லை. முசரவாக்கத்தில் நெல் போடுகிற குடும்பத்துப் பிள்ளை, ஏர் மாட்டை அதட்டிப் பழகிய தொண்டை. ஆனால் எண்பது பெயரைக் கூப்பிட்டு, எண்பது ‘உள்ளேன் ஐயா’வைக் காதில் வாங்கி, வராத பிள்ளைக்குப் பதிலாக வந்த பிள்ளை சொன்ன ‘உள்ளேன் ஐயா’வைக் கண்டுபிடித்துத் திட்டி முடிப்பதற்குள் கணக்குப் பாடம் கைநழுவிப் போயிருக்கும்.

வகுப்பு நடந்த கூடம் ஒரு காலத்தில் சத்திரம். கருடசேவைக்கு வரும் யாத்ரீகர்கள் படுத்துத் தூங்கக் கட்டியது. அந்தப் புராதன வழக்கத்தைக் கடைசி வரிசைப் பிள்ளைகள் கைவிடாமல் காப்பாற்றி வந்தார்கள். ராமலிங்கத்தின் குரல் முதல் நான்கு வரிசைக்குப் பாடமாகவும், அடுத்த நான்கு வரிசைக்குச் சத்தமாகவும், அதற்கப்பால் தாலாட்டாகவும் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கடைசி வரிசையில்தான் ஏலவார்குழலி உட்கார்ந்திருந்தாள். தறி நெய்கிற வீட்டுப் பெண். எண்ணெய் வழிய வாரிய தலை, மடித்த கை, சத்தமில்லாத வாய். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அவள் வாயிலிருந்து ராமலிங்கம் கேட்டது ‘உள்ளேன் ஐயா’ என்ற இரண்டு வார்த்தைகளைத்தான். அவளுடைய நோட்டில் எழுத்து முத்துமுத்தாக இருக்கும். முத்தான எழுத்துக்கு யாரும் குறைந்த மதிப்பெண் போடுவதில்லை, ஆகவே நான்கு வகுப்புகளைச் சிரமமில்லாமல் கடந்து வந்திருந்தாள்.

காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் ராமலிங்கம் அவள் எழுதியதை முதன்முறையாக முழுவதும் படித்தார். கேள்வித்தாளை மேலிருந்து கீழ்வரை, ‘அனைத்து வினாக்களுக்கும் விடையளி’ என்பது உட்பட, ஒரு புள்ளி பிசகாமல் திரும்ப எழுதி வைத்திருந்தாள். விடை என்று ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்ணுக்கு எழுத்துகளை வரையத் தெரியும், படிக்கத் தெரியாது. சேலையில் புட்டாப் பூ போடுவதுபோல எழுத்தையும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். 

மறுநாள் அவள் அம்மா பூவம்மாள் வந்தாள். நேராக விஷயத்துக்கு வந்தாள். வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம், அஞ்சாவதோடு பெண்ணைத் தறியில் உட்கார வைத்துவிடலாம் என்று. பூவம்மாளுக்கு அதில் இஷ்டமில்லை.

“அதுக்குப் படிப்பு வருதுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா, சண்ட போட்டுனாவது ஆறாவதுல சேத்துடுவேன் சார். வரலன்னா வரலன்னு சொல்லிடுங்க. தறிதான் இருக்குதே.”

முழுப் பரீட்சைக்கு அப்புறம் சொல்கிறேன் என்றார் ராமலிங்கம். அவளும் நம்பிப் போனாள். ஒரு மாதம் தினமும் அரை மணி அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தால் படிக்க வைத்துவிடலாம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த அரை மணியில் மீதி எழுபத்தொன்பது பேர் கூடத்தின் தூண்களைச் சாய்த்துவிடுவார்கள் என்பதும் தெரியும். ஆகவே இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று மேலிடத்துக்கு விண்ணப்பம் எழுதினார். அன்றைக்குப் பிடித்தது சனி.

விண்ணப்பத்தைக் கண்டு நேரில் வந்தவர் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் சபாபதி. சபாரி உடுப்பு, சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா. கூடத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், உள்ளே கால் வைக்க இடமில்லாததால் அங்கேயே ஆய்வை முடித்துக்கொண்டார்.

ராமலிங்கம் தனக்குத் தெரிந்த முறையில் எடுத்துச் சொன்னார். நாற்றங்காலில் நெருக்கமாகத்தான் முளைக்கும், ஆனால் பிடுங்கி இடம் விட்டு நட்டால்தானே ஐயா கதிர் பிடிக்கும் என்றார்.

“நாத்தங்கால் பச்சையாத்தானே இருக்குது? அப்புறம் இன்னா?” என்றார் சபாபதி. “இதப் பாருங்க ராமலிங்கம். நாப்பது பேருக்கு நடத்துனா நாப்பது பேர் கத்துக்கறாங்க. எண்பது பேருக்கு நடத்துனா எண்பது பேர் கத்துக்கறாங்க. அரசாங்கத்துக்கு எது லாபம்?”

இருந்தாலும் சபாபதி விதியை மீறுகிறவர் இல்லை. ஒரு வகுப்பில் நாற்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி சொல்லியது. வகுப்பு என்றுதான் சொல்லியது, அறை என்றோ ஆசிரியர் என்றோ சொல்லவில்லை. ஆகவே ஐந்தாம் வகுப்பை ஏ பிரிவு, பி பிரிவு என்று அந்த இடத்திலேயே இரண்டாகப் பிரித்து உத்தரவிட்டார். ஒரே கூடத்தில், ஒரே ஆசிரியரைக் கொண்டு இரண்டு பிரிவை எப்படி நடத்துவது என்பதுதான் பாக்கி.

அதற்கு வழி சொன்னவர் தலைமையாசிரியர் சடகோபன். பரம்பரையாகக் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம், எந்தச் சிக்கலுக்கும் புறப்பாட்டில் ஒரு தீர்வு இருக்கும் என்று நம்புகிறவர்.

“பெருமாள் புறப்பாட்டுல முன்னால பிரபந்த கோஷ்டி போறது, பின்னால வேத கோஷ்டி வர்றது. முன்னால போறவா திரும்பிப் பார்க்கறதில்லே. பின்னால வர்றவாளுக்குப் பின்பக்கந்தான் தெரியறது. ஆனா ரெண்டு கோஷ்டிக்கும் ஒரே பெருமாள்தானே? அதுக்காக இன்னொரு பெருமாள் வேணும்னு யாராவது விண்ணப்பம் போட்டிருக்காளா?”

சபாபதி அசந்து போனார். பச்சைப் பேனாவை எடுத்து ‘காஞ்சிபுரம் முறை’ என்று குறித்துக்கொண்டார்.

மறுநாளே முறை அமலுக்கு வந்தது. கூடத்தின் நடுவில் ராமலிங்கம். கிழக்கே ஏ பிரிவு, மேற்கே பி பிரிவு. ஏ பிரிவுக்குக் கணக்கு நடத்தும்போது ராமலிங்கம் கிழக்கே பார்க்க வேண்டும். அந்த நேரம் பி பிரிவு மேற்குச் சுவரைப் பார்த்து ஓவியப் பாடத்தில் இருக்க வேண்டும். மணி அடித்ததும் அவர் திரும்ப, பிள்ளைகளும் திரும்ப, அதே கணக்கு மேற்கே நடக்கும். பார்க்கிறவர்களுக்கு ராமலிங்கம் ஆட்டுக்கல் குழவியாகத் தெரிந்தார். ஏலவார்குழலி பி பிரிவில் விழுந்தாள். இப்போது அவள் பாதி நாள் சுவரைப் பார்த்தாள்.

சிக்கல் காதால் வந்தது. சுவரைப் பார்த்து உட்காரலாம், காதைத் திருப்பி வைக்க முடியுமா? சபாபதி பார்வையிட வந்த அன்று ராமலிங்கம் ஏ பிரிவிடம் எட்டிரண்டு எத்தனை என்று கேட்டார். ஏ பிரிவு யோசித்துக்கொண்டிருந்தபோது பி பிரிவிலிருந்து சிட்டிபாபு என்ற பையன் சுவரைப் பார்த்தபடியே ‘பதினாறு’ என்றான்.

சபாபதி அவனை எழுப்பி நிறுத்தினார். கோபப்படவில்லை, நியாயத்தை விளக்கினார். “தம்பி, நீ பி பிரிவு. பதினாறுன்றது உனுக்கு அடுத்த பீரியட்லதான் தெரியணும். இப்பவே தெரிஞ்சா அது யார் கணக்குல வரும், சொல்லு.”

அன்றிலிருந்து சிட்டிபாபு பதிலை மணி அடிக்கும்வரை வாயிலேயே வைத்திருந்தான். சில நாள் அது கரைந்து போய்விட்டது.

அடுத்து வந்தார்கள் பெற்றோர்கள். பிள்ளை முன் கோஷ்டியா பின் கோஷ்டியா என்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. கோஷ்டி விஷயத்தில் சின்னக் காஞ்சிபுரத்துக்காரர்கள் விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. சடகோபனின் பக்கத்து வீட்டு அம்ருதவல்லி அம்மாள், தன் தங்கை பிள்ளை எந்த ஜன்மத்தில் பின்னால் போனான் என்று வாசலில் வைத்தே கேட்டாள். சுற்றிக்கொண்டே இருக்கிற மனிதருக்கு முன் ஏது பின் ஏது என்று ராமலிங்கம் சொன்னது எடுபடவில்லை. கடைசியில், மேஜை இருக்கும் பக்கமே முன்பக்கம் என்றும், ஏகாதசிக்கு ஏகாதசி மேஜையை இடம் மாற்றுவது என்றும் பள்ளிக் கமிட்டி தீர்மானம் போட்டது. முதல் ஏகாதசியன்று நான்கு பிள்ளைகள் மேஜையைத் தோளில் ஏற்றிக் கூடத்தைச் சுற்றி வந்தார்கள். முடிவில் சுண்டல் கிடைக்கவில்லை என்பதில் மட்டும் இரண்டு பிரிவுக்கும் ஒரே அபிப்பிராயம் இருந்தது.

இதற்கிடையில் இரண்டாவது ஆசிரியர் என்ன ஆனார் என்று ராமலிங்கம் நினைவூட்டினார். பதில் சுறுக்காக வந்தது. ஏ பிரிவுக்கு ஆசிரியர் ராமலிங்கம் உள்ளார், பி பிரிவுக்கு ஆசிரியர் ராமலிங்கம் உள்ளார், ஆகவே காலிப் பணியிடம் ஏதும் இல்லை. அதோடு போகவில்லை. ‘வகுப்பறை அளவும் கற்றல் திறனும்’ என்று செங்கல்பட்டில் ஒரு பயிற்சியாம். இராமலிங்கம் (ஏ) பயிற்சிக்குச் செல்லவும், அன்றைய தினம் இரண்டு பிரிவுகளையும் இராமலிங்கம் (பி) கவனித்துக்கொள்ளவும் என்று உத்தரவு.

ராமலிங்கம் அலுவலகத்துக்கே போய் சபாபதி முன்னால் நின்றார். “ஐயா, ரெண்டும் நான்தான்.”

சபாபதி தாளிலிருந்து நிமிரவில்லை. “அது உங்க சொந்த விஷயம் ராமலிங்கம். அதுல ஆபீஸ் தலையிடாது.”

ராமலிங்கம் (ஏ) செங்கல்பட்டு போனார். ஒரு கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு ஆசிரியர்களை நெருக்கி உட்கார வைத்து, சிறிய வகுப்பின் மேன்மையைப் பற்றி மைக் வைத்துப் பேசினார்கள். பின்வரிசையில் இடம் கிடைத்த அவருக்கு மைக்கின் இரைச்சல் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கண் சொருகியது. விழித்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், அவரும் தட்டினார். கடைசி வரிசையில் உட்காருவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்ட வகையில் அந்தப் பயிற்சி அவருக்கு மிகவும் பயன்பட்டது. திரும்பி வந்தபோது ஒரு மெமோ காத்திருந்தது. அன்றைய தினம் ராமலிங்கம் (பி) பள்ளிக்கு வராததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

அன்று ராத்திரி அவருக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, ஒரு யோசனைதான் வந்தது. பொங்கல் கழிந்தால் முழுப் பரீட்சை ஓடி வந்துவிடும். பூவம்மாளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இவர்களிடம் நியாயம் பேசிப் பயனில்லை. விதியைத்தான் பேச வேண்டும்.

மறுநாள் சபாபதியிடம் போய் மிகவும் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார். ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேல் இருக்கக் கூடாது என்றால், நாற்பதுக்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாமா?

சபாபதி விதியைப் புரட்டினார். இருக்கலாம் என்றார்.

“ஒருத்தர் இருந்தா?”

“ஒருத்தர் நாப்பதவிடக் கம்மிதானே.”

அப்படியானால் ஐந்தாம் வகுப்புக்கு சி பிரிவு ஒன்று வேண்டும் என்றும், அதில் ஏலவார்குழலி என்ற ஒரே மாணவி இருப்பாள் என்றும், ஆசிரியரைப் பற்றி ஐயா கவலைப்பட வேண்டாம், ராமலிங்கம் (சி) தயாராக இருக்கிறார் என்றும் சொன்னார். சபாபதி சிவப்புப் பேனாவால் கூட்டி, பெருக்கி, வகுத்துப் பார்த்தார். மூன்றால் வகுத்தால் சராசரி சரசரவென்று இறங்கியது. ஜில்லாவிலேயே இவ்வளவு சிறிய வகுப்பு வேறு எங்கும் கிடையாது. அவர் முகம் மலர்ந்ததை ராமலிங்கம் அன்றுதான் பார்த்தார். டீ கூட வந்தது.

சடகோபனும் ஒப்புக்கொண்டார். குடை பிடிக்கிறவர் எந்தக் கோஷ்டியிலும் சேர்த்தி இல்லை, பெருமாளுக்குப் பக்கத்திலேயேதான் வருவார் என்று அதற்கும் புறப்பாட்டில் இடம் இருந்தது.

ஆக, தினமும் மத்தியானம் ஒரு பீரியட் சி பிரிவு நடந்தது. ஏ பிரிவு கிழக்குச் சுவரைப் பார்த்து மௌன வாசிப்பில் இருந்தது, பி பிரிவு மேற்குச் சுவரைப் பார்த்து மௌன வாசிப்பில் இருந்தது. சத்தம் போட்டால் பெரிய ஆபீசர் வந்து சுவரை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று சிட்டிபாபு கிளப்பிவிட்ட வதந்தி நன்றாக வேலை செய்தது. நடுவில் ஒரு பலகை போட்டு ஏலவார்குழலி உட்கார்ந்தாள். ராமலிங்கமும் தரையில் உட்கார்ந்தார்.

முதல் நாள் ‘க’வைக் காட்டி இது என்ன என்று கேட்டார். அவள் பார்த்தாள், அதைவிட அழகாக ஒரு ‘க’ வரைந்து காட்டினாள். இதற்குச் சத்தம் உண்டு தெரியுமா என்று கேட்டார். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலும் அவள் கடைசி வரிசைதான். எழுத்து அங்கேவரை வந்தது, சத்தம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இவ்வளவுதானா என்று ராமலிங்கத்துக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மாசி பிறந்தபோது அவள் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். ஒரு நாள் பலகையில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாக எதிர்ச்சாரியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் கூட்டினாள். இ-ங்-கு. வா-ட-கை. சை-க்-கி-ள்.

“அது இன்னா கடைன்னு போர்டுலயே எழுதிக்கீறாங்க சார்” என்றாள், பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவள்போல. ஐந்து வருஷமாக அந்தக் கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறாள். ராமலிங்கம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் அந்தப் போர்டைத் தானும் ஒரு முறை படித்துவிட்டு வந்தார். இவளுக்கு அடுத்து சி பிரிவுக்கு யார் என்றும் அப்போதே முடிவு செய்துகொண்டார். பி பிரிவில் குரு என்று ஒரு பையன் இருந்தான், அவனும் ‘உள்ளேன் ஐயா’ தவிர எதுவும் சொன்னதில்லை.

சபாபதியும் சும்மா இருக்கவில்லை. ஜில்லாக் கூட்டத்தில் சி பிரிவைப் பற்றி முழங்கினார். “மாதத் தேர்வுல நூத்துக்கு நூறு தேர்ச்சி. ஒரு மாணவர்கூடப் பின்தங்கல. இதுக்கு நாங்க கூடுதலா ஆசிரியர் கேக்கல, கட்டடம் கேக்கல, ஒரு சாக்பீஸ் கேக்கல. இருக்கறத வெச்சு வகுத்தோம், அவ்ளோதான்” என்றார். நல்ல கைதட்டல். கைதட்டியவர்களில் ஒருவர் மட்டும், ஒரே மாணவிக்கு ஒரு முழு ஆசிரியரா என்று புருவத்தை உயர்த்தியதாகப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

ஏப்ரல் கடைசியில், முழுப் பரீட்சை முடிந்த மறுநாள், சொன்ன சொல் தவறாமல் பூவம்மாள் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்து வாசலில் நின்றாள். உள்ளே எண்பது பேரும் இரண்டு சுவர்களையும் மறந்து ஒரே இரைச்சலாக இருந்தார்கள். சடகோபன் அப்போதுதான் தபாலில் வந்த ஓர் உறையைக் கொண்டுவந்து ராமலிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டு நின்றார். பாராட்டுக் கடிதமாகத்தான் இருக்கும் என்றார்.

“இன்னா சார் சொல்றீங்க?” என்றாள் பூவம்மாள். “அதுக்குப் படிப்பு வருதா, வரலயா? அவுரு தறிக்குப் பாவு சுத்தி வெச்சிக்கினு உக்காந்துனுகீறாரு.”

ராமலிங்கம் கூடத்துக்குள் திரும்பினார். ஏலவார்குழலியைக் கூப்பிட்டு, உறையைப் பிரித்து, உள்ளே இருந்த தாளை அப்படியே அவளிடம் நீட்டினார். அவர்கூட இன்னும் படித்திருக்கவில்லை. “உங்கம்மாக்குப் படிச்சிக் காட்டும்மா.”

அவள் தாளைப் பிடித்தாள். வரிக்குக் கீழே விரலை வைத்தாள். கூடத்தில் சத்தம் மெல்ல அடங்கியது.

“ஐந்-தாம் வகுப்பு சி பிரி-வில் மா-ண-வர் எண்-ணிக்-கை ஒன்-று மட்-டு-மே உள்-ள-தால் அப்-பிரி-வு க-லைக்-கப்-படு-கிற-து. அப்-பிரி-வின் ஆசி-ரி-யர் தி-ரு. இரா-ம-லிங்-கம் உ-ப-ரி ஆசி-ரி-ய-ராக அறி-விக்-கப்-பட்-டு கூ-ரம் பள்-ளிக்-கு மாற்-றப்-படு-கி-றார்.”

பூவம்மாளுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் மகள் வாயிலிருந்து வருகிறது என்பது விளங்கியது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.  இதற்குப் புறப்பாட்டில் என்ன இருக்கிறது என்று சடகோபனுக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

ஏலவார்குழலி நிமிர்ந்து பார்த்தாள். “உபரின்னா இன்னா சார்?”

“தேவைக்கு மேல இருக்கறதும்மா.”

அவள் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். கிழக்குச் சுவர்வரை தலைகள், மேற்குச் சுவர்வரை தலைகள், தூணுக்குப் பின்னாலும் தலைகள். கடைசி வரிசையில் குரு வாயைப் பிளந்துகொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இங்க யாரு சார் அப்பிடி?”

“நான்தாம்மா” என்றார் ராமலிங்கம்.

அவள் மறுபடியும் தாளைக் குனிந்து பார்த்தாள். விரலை அந்த வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், உதடு மட்டும் அசைய, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முடித்தாள். முகம் சுண்டிப் போய்விட்டது.

“நான் தப்பாப் படிச்சிட்டேன் போலக்குது சார்.”

“இல்லம்மா. சரியாத்தான் படிச்ச” என்றார் ராமலிங்கம். பிறகு பூவம்மாளிடம் திரும்பி, “ஆறாவதுல சேத்துடுங்க” என்றார்.